எழுபத்தாறு கிலோமீட்டர் மிச்சம்

என் அருமைப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வண்டியும் சௌக்கியம். எந்த வரிசையில் என்று கேட்காதே, அது மாதத்துக்கு மாதம் மாறும். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஆய்வகத்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்வார், போட்டதும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் சொல்கிற ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வார். இது அப்படித் திருத்தம் சொல்லவிட்டால் கெட்டுப்போகிற விஷயம். நம் வண்டி இனி இந்த வீட்டில் இருக்குமா, உதிரி உதிரியாகப் பிரித்து மூட்டையில் போகுமா என்ற விஷயம். அதில் உன் பெயரும் அடிபடுவதால் நீ முதலிலிருந்து தெரிந்துகொள்வது நல்லது. தையல் மிஷினுக்கு இன்று ஓய்வு. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது செட் வெட்டியபடி கிடக்கிறது, கிடக்கட்டும்.

நம் மோட்டார் சைக்கிள் மீட்டரில் ஐந்து எண்கள்தான் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது, ஐந்தும் சேர்ந்து சைபருக்குத் திரும்பிவிடும். முதல் தடவை அப்படித் திரும்பியபோது உனக்கு ஆறு வயது. அந்த ஐந்து சைபரையும் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து கண்ணை விரித்துக்கொண்டு வந்தவள், கடைசி நான்கு கிலோமீட்டரில் அப்பா முதுகில் சாய்ந்து தூங்கிப்போனாய். அப்பா எதிரே வந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன் பின்னால் உட்கார்ந்து, நீ விழாமல் இருக்க என் துப்பட்டாவால் உன்னையும் அவரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்திப் பார்த்தால் மீட்டர் ஒன்று காட்டுகிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடி யாருமே பார்க்கவில்லை. நீ இரண்டு நாள் அழுதாய், வண்டியைப் பின்னால் தள்ளச் சொன்னாய், அப்பா உனக்காகத் தெருக்கோடி வரைக்கும் பின்பக்கமாகத் தள்ளினார். எதிர்வீட்டு வாத்தியார் பல் துலக்கிக்கொண்டே, “என்ன மீட்டர் சார், ஊரெல்லாம் முன்னால போகுது, நீங்க மட்டும் பின்னால போறீங்க?” என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த சைபர் வரும்போது உன்னைத் தூங்கவிட மாட்டேன் என்று அன்றைக்கு அப்பா உனக்கு வாக்குக் கொடுத்தார். உனக்கு மறந்திருக்கும். அவருக்கு மறக்கவில்லை, வினை அதுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நீ லீவில் வருகிறேன் என்றாயே, அந்த வாரம் வண்டி இரண்டாவது சைபருக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. விமான நிலையம் நம் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். அப்பா அலுவலக ஜீப்பில் போய் இரண்டு தடவை அளந்து வந்தார். போக முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு. ஆகவே மீட்டரில் சரியாக எழுபத்தாறு மிச்சம் இருக்கும்போது வண்டியை நிறுத்திவிட்டால், உன்னை ஏற்றிக்கொண்டு நம் வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது ஐந்து சைபரும் வந்து நிற்கும். இதுதான் அவர் போட்ட திட்டம். 99,924 வந்ததும் வண்டியைத் துடைத்து, துணி போர்த்தி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டார். அப்புறம்தான் உன் ஆய்வகத்தில் தணிக்கை வந்தது. அடுத்த தடவை உன் கூட வேலை செய்கிறவளுக்குக் கல்யாணம், அவள் கேட்காமலேயே நீ அவளுடைய வேலையையும் பார்க்கிறேன் என்றாய். மூன்றாவது தடவை நீ லீவே கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி அறைக் கதவைத் தட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பி வந்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகணும் என்று கேட்கக் கூச்சப்பட்டவள்தானே நீ. ஒவ்வொரு தடவையும் அப்பா, “பரவால்லம்மா, வேலைதான் முக்கியம்” என்று உன்னிடம் சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கீழே போய்த் தூசியே இல்லாத வண்டியைத் துடைப்பார்.

வண்டியை நிறுத்தி வைத்தது ஒரு வாரத்துக்காக. ஆனது பதினாலு மாதம். அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போனார். மழையில் நனைந்து, சில்லறை இல்லாமல் கண்டக்டரிடம் வசவு வாங்கி, வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். நான் அவசரத்துக்குத் துணிக்கட்டு எடுத்து வரக் கேட்டாலும் வண்டியைத் தொட மாட்டார். “நாலு கிலோமீட்டர் போனா நாலு குறையுமே” என்பார். பணத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கிலோமீட்டரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிற மனுஷரை இப்போதுதான் பார்த்தேன். இதில் என்ன கூத்து என்றால், வண்டி ஓடாமல் நின்றால் ஒன்றும் ஆகாது, அலமாரியில் வைத்த பட்டுத்துணி மாதிரி அப்படியே இருக்கும் என்று அவர் நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதலில் பேட்டரி செத்தது. புதுப் பேட்டரியின் விலை என் இரண்டு மாதத் தையலுக்கு மேல். அது வந்து நாலாவது மாதம் அதுவும் படுத்துக்கொண்டது. பிறகு கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி கெட்டிப்பட்டுப்போனது. நாலு கார்புரேட்டர், நாலையும் கழற்றி, கழுவி, மாட்ட வேண்டும். முன் சக்கரத்து ஃபோர்க்கில் ஆயில் சீல் காய்ந்து விரிசல் விட்டு எண்ணெய் வடிந்தது. பிரேக் இறுகிப் போய்ச் சக்கரம் அசையவே இல்லை. டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி குடித்தனம். அதுவும் யார் துணியில் தெரியுமா, என் வெட்டுத் துணியில். ஆறாம் வகுப்புச் சீருடையின் நீலத்தில் எவ்வளவு பதமாகக் கூடு கட்டியிருக்கிறது என்கிறாய். அந்த மாதம் எனக்குத் துணி ஏன் பற்றாமல் போனது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பழுதைவிட, அதைப் பழுது பார்க்கக் கொண்டுபோனதுதான் தெருவுக்கு வேடிக்கை. நம் பொறுமைக்காரரின் பட்டறை நம் வீட்டிலிருந்து எழுநூறு மீட்டர்தானே. உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், எதற்கெடுத்தாலும் “பொறுமை, பொறுமை” என்று நமக்குச் சொல்லிக்கொண்டே ஸ்பானரைச் சுவரில் வீசுகிற மெக்கானிக். அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டுகூடப் போக மாட்டார். ஏனென்றால் தள்ளினாலும் முன் சக்கரம் உருளும், சக்கரம் உருண்டால் மீட்டரும் உருளும். ஆகவே ஒரு சின்னச் சரக்கு வண்டியைப் பிடித்து, நாலு ஆட்களை வைத்துத் தூக்கி ஏற்றி, எழுநூறு மீட்டர் ஊர்வலம். ஐந்து தடவை போய் ஐந்து தடவை வந்தது. எதிர்வீட்டு வாத்தியார், “மீட்டர் சார், கால் நல்லா இருக்கிறவனத் தோள்ல தூக்கிட்டுப் போறது மாதிரி இருக்கு” என்றார். அப்பா கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். உன் சித்தி போன் பண்ணி, அந்த வண்டிக்குப் போட்ட காசில் ஒரு அறையே கட்டியிருக்கலாம் என்றாள். அந்த அறையில் என்ன வைப்பது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டியை வைக்கலாம் என்றாள்.

ஐந்தாவது தடவை பொறுமைக்காரர் பொறுமை இழந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அப்பாவிடம், “சார், ரெண்டு லட்சம் ஓடினப்போ கெடாதது எல்லாம் நின்ன பதினாலு மாசத்துல கெட்டிருக்கு. இந்த மாதிரி நெடுந்தூர வண்டி ஓடி ஓடிச் சாகாது, நின்னு நின்னுதான் சாகும். வாராவாரம் இருபது கிலோமீட்டராவது ரோட்ல போகணும். ஒண்ணு ஓட்டுங்க, இல்ல வித்துடுங்க. மூணாவது வழி என் வீட்டு வாடகைக்கு மட்டும்தான் நல்லது” என்றார். அப்பா, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டாண்டில் நிறுத்தி இஞ்சினை ஓடவிடுகிறேனே என்றார். “அதுதான் இன்னும் கெடுதல். நின்ன இடத்துல ஓடினா சைலன்சர்ல தண்ணி சேரும், பேட்டரி ஏறாது. நடக்கச் சொன்னா நாற்காலில உக்காந்து கால ஆட்டற மாதிரி” என்றார். அடுத்த தடவை இஞ்சினுக்குள் இருக்கிற சீல்கள் போகும், அதற்கு உதிரி கிடையாது, வந்தால் தொட மாட்டேன் என்று முடித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே யாரோ சொல்லி ஒருவர் வந்தார், பழைய வண்டியைப் பிரித்து விற்கிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மீட்டரைப் பார்த்து, “இது திருப்பி வச்சதுதானே சார்?” என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பா முகம் போன போக்கைப் பார்த்து நானே அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் நான் ஒரு யோசனை சொன்னேன். முன் சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டியும் ஓடும், எண்ணும் ஏறாது, இதைப் பொறுமைக்காரரே என்னிடம் சொன்னார் என்றேன். பாப்பா, உன் அப்பா மின் மீட்டர் பார்க்கிற மனுஷர் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் யார் மீட்டரில் கம்பி சொருகியிருக்கிறார்கள், யார் காந்தம் வைத்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துக் கேஸ் எழுதியவரிடம் போய் மீட்டரை நிறுத்தலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பயந்ததில்லை. “மீட்டரத் தொட்டவன் சொந்த மச்சானா இருந்தாலும் நான் விட்டதில்ல” என்றார். அது உண்மை. உன் மாமாவிடம் கேள், இன்னும் நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. ஆக வண்டியை ஓட்டவும் மாட்டார், விற்கவும் மாட்டார், கேபிளைக் கழற்றவும் மாட்டார். அப்படியே வைத்து, பார்த்துக்கொண்டே சாகடிப்பார். நீ வந்து இறங்கும்போது அதை உதிரிக்குக் கொடுத்திருப்போம், உன்னால்தான் போனது என்று நீ உன் சுபாவப்படி வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு குமைவாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இனி சொல்வதை உட்கார்ந்து படி. அப்பா வியாழக்கிழமைகளில் வெளியூர்ப் பிரிவுக்குப் போய்விடுவார், திரும்ப ஆறு மணியாகும். நான் பொறுமைக்காரரிடம் போய், வியாழக்கிழமை தோறும் கேபிளைக் கழற்றி நீங்களே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள் என்றேன். அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, இருநூற்று நாற்பது கிலோ வண்டியை நான் ஓட்டினால் அடுத்த நாள் என்னை நாலு பேர் தூக்க வேண்டும் என்றார். பட்டறையில் வேறு யாரையும் நம்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை. அப்புறம் அவர், “அக்கா, நீங்க மிதிமிஷின் எத்தன வருஷமா ஓட்டறீங்க?” என்று கேட்டார். முப்பது வருஷம் என்றேன். “அப்ப காலும் கையும் தனித்தனியா வேல செய்யும். கிளட்ச் உங்களுக்கு வந்துடும்” என்றார். அப்படித்தான் உன் அம்மா ஐம்பத்து மூன்று வயதில் மோட்டார் சைக்கிள் பழகினாள். ஃபோர்க்குக்குப் புதுச் சீல் வந்து சேர இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதமும் அவருடைய சின்ன வண்டியில் லாரிகள் நிறுத்துகிற மைதானத்தில் வட்டம் போட்டேன். உரிமமும் முறைப்படி எடுத்தேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஸ்கூட்டர்தானே என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார், இல்லை பெரிய வண்டி என்றதும் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

பெரிய வண்டியில் முதல் வியாழக்கிழமையே பெட்ரோல் பங்கில் கவிழ்த்தேன். ஓடும்போது இல்லை, நின்றுகொண்டிருக்கும்போது. கால் தரைக்கு எட்டாமல் நுனிவிரலில் நின்றிருந்தேன், வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, இடது பக்கம் சாய்ந்தது, நானும் அதோடு சாய்ந்தேன். மூன்று லாரி டிரைவர்கள் ஓடி வந்து முதலில் வண்டியைத் தூக்கினார்கள், அப்புறம் என்னை. பக்கப் பெட்டியில் ஒரு கீறல். பட்டனுக்குப் பூசுகிற கறுப்புச் சாயத்தைப் பூசி மறைத்தேன். கேபிள் கழற்றியிருந்ததால் வேகமுள்ளும் அசையாது, எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று தெரியாது. பொறுமைக்காரர் தன் சின்ன வண்டியில் பக்கத்தில் வந்துகொண்டே சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது சுலபம். காஜா எடுக்கிற சத்தம் என்றால் இருபது, பாவாடைக் கரை அடிக்கிற சத்தம் என்றால் நாற்பது, நேர்த்தையலில் கால் நிற்காமல் போகிற சத்தம் வந்தால் அறுபது, அதற்கு மேல் போகக் கூடாது. வீட்டிலிருந்து சுற்றுச்சாலை போய், லாரிகளை நிறுக்கிற எடைமேடையைத் தாண்டி, பாலம் ஏறி இறங்கி, வீட்டுக்கே திரும்பினால் இருபத்து மூன்று கிலோமீட்டர். பாப்பா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் எத்தனையோ ஊர் பார்த்தேன். எல்லாமே பாதி ஊர். இடது பக்கம் திரும்பினால் இடது பாதி, வலது பக்கம் திரும்பினால் வலது பாதி, நடுவில் உன் அப்பா முதுகு. பாலத்தின் மேல் ஏறினதும் ரோடு முழுசாக எனக்கு முன்னால் விரிந்து கிடந்ததைப் பார்த்தபோது, இவ்வளவையும் இத்தனை நாள் இந்த மனுஷர் தனியாகவா பார்த்துக்கொண்டிருந்தார் என்று கோபம் வந்தது.

வண்டி குணமாகிவிட்டது. பட்டனைத் தொட்டால் போதும், கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா சார், பராமரிப்பு, எல்லாம் துடைக்கிற துணியில இருக்கு” என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். அவர் வியாழக்கிழமை தோறும் நான் கிளம்புவதை வாசலில் நின்று பார்க்கிறவர். தெருவே பார்க்கிறது. ஆனால் ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படி எட்டு வாரம் ஓடியது.

ஒன்பதாவது வியாழக்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிகின்றன. குதிகால்கூட. ஒரு நிமிஷம் நான் வளர்ந்துவிட்டேனோ என்று நினைத்தேன், சத்தியமாக. இறங்கி சீட்டைத் தடவிப் பார்த்தேன். இந்த சீட்டுக்கு மூன்று தடவை உறை தைத்தவள் நான், என் தையல் எனக்குத் தெரியாதா. பக்கவாட்டில் ஒரு முழம் நீளத்துக்கு என் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சை ஒன்றரை அங்குலம் சீவி எடுத்துவிட்டு, யாரோ கையால் மறுபடி தைத்திருந்தார்கள். கோணல் மாணலாக, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் சம்பந்தமே இல்லாமல். அதுவும் கறுப்பு உறையில் கருநீல நூல். என் டப்பாவில் கறுப்புக்குப் பக்கத்திலேயே கருநீலம் இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் இந்த வீட்டில் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குச் சுற்றுச்சாலையில் போன இருபத்து மூன்று கிலோமீட்டரும் எனக்கு அந்த நூல்தான் கண்ணில் நின்றது, ஆனால் நிறுத்துகிற இடத்திலெல்லாம் கால் தரையில் நின்றது.

சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சீட்டு இறங்கியிருக்கிறது என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “நுனிக்கால்ல நிக்கறது பாக்கப் பயமா இருந்துச்சு” என்றார். எங்கே பார்த்தீர்கள் என்றேன். “நாலாவது வாரத்துலேருந்து லீவு போட்டுட்டு எடைமேடை டீக்கடையில நிக்கறேன். வளைவுல உடம்ப நல்லா சாய்க்கற. பிரேக்தான் லேட்டாப் பிடிக்கற” என்றார். காய்ச்சல் நூற்று நாலு டிகிரி அடித்தாலும் லீவு போடாத மனுஷர், பஸ் ஏறிப் போய் டீக்கடையில் ஒளிந்து நின்றிருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது அவருக்கு. முதல் வாரம் கண்ணாடி கீழே சாய்ந்திருந்ததாம், துடைக்கும்போது பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாராம். இரண்டாவது வாரமும் சாய்ந்திருந்ததாம். மூன்றாவது வாரம் கேபிள் நட்டைக் குனிந்து பார்த்தாராம், புது ஸ்பானர் தடம். “முப்பத்திரெண்டு வருஷமா நான் வேற என்ன வேல பாக்கறேன்?” என்றார். நேராகப் பட்டறைக்குப் போயிருக்கிறார். பொறுமைக்காரர் இவர் வாயைத் திறப்பதற்குள், பெட்ரோல் பங்கில் கவிழ்ந்தது வரைக்கும் ஒப்பித்துவிட்டாராம். அந்த ஆளிடம் இனி ஒரு ரகசியம் சொன்னால் என்னை ஏன் என்று கேள்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். வாரத்துக்கு இருபத்து மூன்று வீதம் மூன்று வாரத்தில் அறுபத்தொன்பது. மிச்சம் ஏழு. வீட்டிலிருந்து ஏழாவது கிலோமீட்டர் எது என்றால், எடைமேடை. நாலாவது வியாழக்கிழமை அந்த எடைமேடைக்கு எதிரே நான் கியரை மாற்றத் தெரியாமல் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் மூன்று லாரி ஹாரன் அடிக்க, வாயில் வந்ததை எல்லாம் திட்டிக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம்தான் வண்டி உண்மையிலேயே இரண்டு லட்சம் முடித்த நிமிஷம். மீட்டர் காட்டவில்லை, ஆனால் நடந்தது அதுதான். அப்பா இருபதடி தூரத்தில் டீக்கிளாசோடு நின்றிருந்திருக்கிறார். “முதல் தடவ லாரியப் பாத்துட்டிருந்தேன், இந்தத் தடவ உன்னப் பாத்துட்டிருந்தேன். சைபர மட்டும் பாக்கவே இல்ல” என்றார். இதைச் சொல்லும்போது சிரித்தாரா என்று தெரியவில்லை, டீக்கிளாஸ் முகத்தை மறைத்தது.

சரி, மன்னித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, அலுவலகப் படிவத்தை எடுத்து என் மேல் கேஸ் எழுதினார். மீட்டர் இயங்காமல் தடுத்தது. குற்றவாளி, மனைவி. உடந்தை, மெக்கானிக். சாட்சி, தானே. மறுநாள் கேபிள் நுனியில் கம்பி சுற்றி ஈயம் வைத்து, மின் மீட்டருக்கு வைப்பது போலவே சீல் வைத்தார். மீட்டர் இப்போது விசாரணையில் இருக்கிறதாம், 99,924 என்பதை யாரும் தொடக் கூடாதாம். சந்தேகப்பட்ட மீட்டருக்குப் பக்கத்தில் அவர்கள் இலாகாவில் இன்னொரு மீட்டரை வைத்துச் சரிபார்ப்பார்கள், செக் மீட்டர் என்று பெயர். அதே மாதிரி சைக்கிளுக்கு வருகிற ஒரு சின்னக் கருவியை வாங்கி வந்து பின் சக்கரத்தில் மாட்டினார். இப்போது உண்மையான கிலோமீட்டர் எல்லாம் அதில் ஏறுகிறது, ஒன்றுகூட ஏமாற்று இல்லை, அவருக்கும் மனசு ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டுகிறார், வியாழக்கிழமை நான் ஓட்டுகிறேன். போன ஞாயிறு நான் பின்னால் உட்கார்ந்து நூற்றிருபது கிலோமீட்டர் போய் வந்தோம். பாதி வழியில் இறங்கி, “நீ ஓட்டு, நானும் பாதி ஊர் எப்படி இருக்குன்னு பாக்கறேன்” என்றார். பின்னால் உட்கார்ந்துகொண்டு பிரேக், பிரேக் என்று கத்தினதில் ஒரு ஊரையும் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே பாப்பா, வண்டிக்காக நீ கவலைப்படாதே, குற்ற உணர்ச்சியோடு டிக்கெட் எடுக்காதே. வண்டி நிற்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. நீ வரத் தோன்றும்போது வா. ஆனால் தோன்றினால் கதவைத் தட்டிக் கேள். உன் மேலதிகாரியும் மனுஷிதான், நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள் நீ, ஐம்பத்து மூன்று வயதில் நான் அந்த உரிமம் கொடுக்கிற மேஜை முன்னால் போய் நின்றேன் என்றால் நீ உன் கதவு முன்னால் நிற்கலாம். பேச்சு வராவிட்டால் முதல் கியரில் கிளம்பு, மெதுவாக விடு, நின்றுபோனால் மறுபடி பட்டனை அழுத்து. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. அறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்றாயே, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரி பண்ணினாயா, அதற்கும் கூச்சமா?

உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் அப்பா படிக்க மாட்டேன் என்று சொன்னார், பக்கத்தில்கூட வரவில்லை. உறைக்குள் தன்னுடைய ஒரு காகிதத்தையும் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். என் கேஸின் தீர்ப்பு அது, உனக்கு அனுப்பும் நோட்டீஸும் அதுதான். தீர்ப்புப்படி குற்றவாளி, அதாவது நான், நீ வருகிற அன்று தனியாக விமான நிலையம் போய் உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சீலை உன் எதிரில் மட்டுமே உடைக்க வேண்டுமாம், அதனால் போக முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு, நீ வீட்டு வாசலில் இறங்கி உன் கையால் சீலை உடைத்து, கேபிளைப் பூட்டிய பிறகு நாம் இருவரும் எழுபத்தாறையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வர வேண்டும். அவர் கேட்டில் நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சைபர் தெரியாது, வாசலில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும் என்று இரண்டு லட்சம் கிலோமீட்டர் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார். நீ தூங்காமல் இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனையாகப் போட்டிருக்கிறது. உனக்குத் தெரியுமே, மீட்டர் பார்க்கப் போகும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் அவர்கள் ‘வீடு பூட்டு’ என்று எழுதிவிட்டு வருவார்கள். உன் பெயருக்கு எதிரே நீ வருவதாகச் சொன்ன மூன்று தேதிகளையும் எழுதி, மூன்றுக்கும் நேரே ‘வீடு பூட்டு’ என்று எழுதியிருக்கிறார். நாலாவது கட்டம் காலியாக இருக்கிறது. பென்சிலால் அழுத்தாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற மாதிரி.

நீ நூறு வயசு நல்லபடியாக இருந்து, நினைத்ததெல்லாம் கேட்டு வாங்கி, மனசு நிறைய வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். வரும்போது ஒரு பெரிய பையாகக் கொண்டுவராதே, பக்கப் பெட்டி இரண்டுக்குள் அடங்குகிற அளவுக்குக் கொண்டு வா. கறுப்பு நூல், தடிமன் நாற்பதாம் நம்பர், அங்கே நல்லதாகக் கிடைத்தால் இரண்டு கண்டு வாங்கி வா. அந்தச் சீட்டுத் தையலைப் பிரித்து ஒழுங்காகத் தைக்கலாம் என்று நினைத்து வாங்கச் சொல்கிறேன், ஆனால் பிரிக்க மனசு வருமா என்று தெரியவில்லை.

கால் இரண்டும் தரையில் பதிய,
உன் அம்மா